டி.எஸ்.பி. கன்னத்தில் ஊதாக் கறை!

"ஐயோ... ரத்தம்!"

சங்குமேடு போலீஸ் ஸ்டேஷனின் ஓட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்காய்கள் மொத்தமாகப் பறந்தன.

அலறியது ஏட்டு சேதுராமன்!

இருபத்தாறு வருஷ சர்வீஸ். கடலில் ஒதுங்கிய பிணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கை கழுவி, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர். அந்த மனுஷனே அலறுகிறார் என்றால்...

எஸ்.ஐ. சபியா தன் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"எங்க ஏட்டய்யா ரத்தம்? யாருக்கு?"

ஏட்டின் விரல் நீண்டது.

கம்ப்யூட்டர் திரை!

அதில் டி.எஸ்.பி. சிரித்துக்கொண்டிருந்தார். தொப்பி சரி. மீசை சரி. கீழே 'வருக வருக' என்ற எழுத்தும் சரி. ஆனால் இடது கன்னத்தில்...

ஊதாவும் சிவப்புமாக ஒரு கறை. உள்ளங்கை அகலம்.

யாரோ ஓங்கி ஓர் அறை விட்டது போல!

"யா அல்லாஹ்! நாலு மணிக்கு அவரே நேர்ல வாராரே! அவர் மூஞ்சியை இந்தக் கோலத்துலயா காட்டுறது?"

"தொடைச்சுப் பார்த்துட்டேன் மேடம். போகல. கறை கண்ணாடிக்கு உள்ளுக்குள்ள இருக்கு!"

"உள்ளுக்குள்ள எப்படிய்யா கறை போகும்?"

"அதைத்தான் மேடம் நானும் கேக்குறேன்!"

வருஷம் 2003. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கிடந்த அந்த ஸ்டேஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. கவர்மெண்ட் கொடுத்த சாமான். கொடுத்தவனுக்கும் ஓட்டத் தெரியாது. வாங்கியவனுக்கும் தெரியாது. அதைப் பார்வையிடத்தான் டி.எஸ்.பி. வருகிறார். அவருக்கும் தெரியாது.

ஆனால் கறை தெரியும். கறை பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை.

ஸ்டேஷன் தடதடத்தது.

முதலில் எச்சில் தொட்டுத் துடைத்தார் சேதுராமன். போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினார். டி.எஸ்.பி. பளபளத்தார். கறையும் பளபளத்தது. மண்ணெண்ணெய்... எலுமிச்சம்பழம்... பல்பொடி...

மத்தியானம் ஒரு மணிக்கு ஸ்டேஷன் முழுக்க ஊறுகாய்ப் பானைக்குள் அடுப்பு பற்ற வைத்த வாசனை.

கறை அப்படியே இருந்தது.

"மேடம்... பின்னாடி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கவா? எங்க வீட்டு ரேடியோவுக்கு அப்படித்தான்..."

"தொட்டீங்கன்னா உங்களத் தட்டிருவேன்! அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க. நேத்து மத்தியானம் வந்து இந்தப் போட்டோவைப் போட்டுக் குடுத்துச்சே... பூமயிலு. அதுக்குத்தான் இது புரியும்."

சேதுராமனின் முகம் சுருங்கியது.

"அந்தப் பொண்ணா மேடம்...?"

"ஏன்? என்ன?"

"காலையிலதான் அதை வாசல்ல வச்சு விரட்டி விட்டேன். உள்ள இருக்கானே குருநாதன்... அவனுக்கும் அதுக்கும் நாளைக்குக் காலையில கல்யாணம்!"

* * *

லாக்கப்புக்குள் குருநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

வயசு முப்பது. மருது சவுண்ட் சர்வீஸில் மைக்செட் ஆபரேட்டர். பதினைந்து வருஷமாகக் கோவில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் அதன் அடியில் உட்கார்ந்திருப்பவன்.

அவன் மேல் இருந்த குற்றம் இது. அவன் முதலாளியின் வேனிலிருந்து, குழாய்க்குப் பின்னால் மாட்டிச் சத்தம் வரவைக்கிற யூனிட்டுகள் நான்கு காணாமல் போயிருந்தன. பூட்டு உடையவில்லை. சாவி இருந்தது இரண்டே பேரிடம். ஒன்று முதலாளி மருதுபாண்டி. இன்னொன்று குருநாதன்.

காலை எட்டு மணிக்கு மருதுபாண்டி வந்து மாரில் அடித்துக்கொண்டார். எட்டேகாலுக்குக் குருநாதன் உள்ளே போய்விட்டான்.

மருதுபாண்டி இன்னும் ஸ்டேஷன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து அதே ஒப்பாரி.

"நாலு யூனிட்டு மேடம்! நாலும் எம்புள்ளைக கணக்கா! அது இல்லன்னா குழாய் எதுக்கு ஆகும்? கவுத்து வச்சுக் கோழிய அடைக்கலாம்!"

லாக்கப் பக்கம் திரும்பினார். "ஏலே குரு! எங்கனலே வச்சிருக்க? சொல்லித் தொலையேன்!"

குருநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

"பாருங்க மேடம், வாய்ல கொழுக்கட்டைய வச்ச மாதிரி இருக்கான்! இவன் கல்யாணத்துக்கு மூணு நாளைக்கு ஓசியா குழாய் கட்டுறேன்னு சொன்னேன். ஊருக்கே கேக்குற மாதிரி! எந்த முதலாளி செய்வான்? அதுக்கு இவன் எனக்குச் செஞ்ச மரியாதையப் பாத்தீங்களா?"

"அஞ்சு மணிக்கு ராமநாதபுரம் கோர்ட்டுக்குக் கொண்டு போறோம். அங்க மாஜிஸ்திரேட் கேப்பாரு. அவர்கிட்டச் சொல்லட்டும்" என்றார் சபியா.

ரிமாண்ட் ஆனால் பதினைந்து நாள்!

முகூர்த்தமோ நாளைக் காலை ஆறிலிருந்து ஏழரை!

* * *

ட்ரிங்... ட்ரிங்...

பூமயில் கம்ப்யூட்டர் சென்டரில் போனை எடுத்தவள் பூமயிலேதான். வேறு யாரும் அங்கே இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் எந்தப் பெண் கடையைத் திறப்பாள்? இவள் திறந்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் அழுகிற சத்தம் தாங்கவில்லை.

"ஹலோ..."

"நாந்தாம்மா. ஏட்டு சேதுராமன் பேசுறேன்."

"எந்த ஏட்டு? காலையில 'போ போ, கோர்ட்டுல வந்து பாரு'ன்னு தொரத்துன ஏட்டா?"

"அது ட்யூட்டிம்மா..."

"இப்ப என்ன?"

"இதுவும் ட்யூட்டிதாம்மா. கம்ப்யூட்டர் டி.வி.க்குள்ள கறை விழுந்து போச்சு. நாலு மணிக்குள்ள எடுத்தாகணும். கொஞ்சம் வந்துட்டுப் போ தாயி."

பூமயில் ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"வாரேன் ஏட்டய்யா. ஆனா எங்க மச்சானைப் பார்த்துப் பேச விடணும்."

"அஞ்சு நிமிஷம்!"

"பத்து."

"சரி, பத்து! ஓடியா!"

ஸ்கூட்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

* * *

உள்ளே நுழைந்ததும் அவள் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. நேராகக் கம்பிக் கதவுக்குத்தான் போனாள்.

"மச்சான்! சாப்பிட்டியா?"

"இட்லி குடுத்தாங்க."

"எடுத்தியா நீ?"

"என்னத்த?"

"யூனிட்டைத்தான்!"

"திருடுவேனா பூமயிலு நான்? திருடி விக்கிற ஆளா நானு?"

அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். கல்யாணம் ஆகாத பெண்கள் கண்ணைப் பார்த்தால் உண்மை தெரியும் என்று நம்புவார்கள். பூமயிலும் நம்பினாள்.

"போதும். உன்னை வெளிய கொண்டு வராம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

"வேணாம் பூமயிலு. போலீஸ் பொல்லாப்பு நமக்கு எதுக்கு? நீ அந்தக் கம்ப்யூட்டரை எல்லாம் நோண்டாத. வீட்டுக்குப் போ."

என்ன பாசம்! பூமயிலுக்குக் கண் கலங்கிவிட்டது.

துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன இது, மண்ணெண்ணெய் நாத்தம்?"

"தொடைச்சோம்" என்றார் சேதுராமன்.

"அப்புறம் இந்தப் பிசுபிசுப்பு?"

"தேங்கா எண்ணெய்."

"கடுகு தாளிக்கலையா?"

சபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். எஸ்.ஐ. சிரித்தால் ஏட்டு மதிக்க மாட்டார்.

பூமயில் ஈரத் துணியால் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தாள். எண்ணெய் போனது. பல்பொடி போனது. கறை போகவில்லை. விரல் நகத்தால் சுரண்டினாள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள்.

"மேடம்... இது கறையே கிடையாது."

"கண்ணுக்கு முன்னாடி தெரியுதேம்மா!"

"தெரியும். தொட முடியாது. இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி மெல்லிசா சல்லடை மாதிரி ஒரு தகடு இருக்கு. அது வழியாத்தான் கலர் எல்லாம் வந்து அதது இடத்துல விழும். பக்கத்துல காந்தம் எதாச்சும் இருந்துச்சுன்னா கலர் இடம் மாறி விழுந்துரும். அதுதான் இந்த ஊதா!"

"காந்தமா?"

"ஆமா. நேத்து மத்தியானம் நான் போட்டோ போட்டப்ப டி.எஸ்.பி. மூஞ்சி சுத்தமா இருந்துச்சு. நான் போன பொறவு இந்த மேசைக்குப் பக்கத்துல ஒரு காந்தம் வந்திருக்கு மேடம்!"

சேதுராமன் மெதுவாக வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார்.

பூமயில் பார்த்துவிட்டாள்!

"ஏட்டய்யா... கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க!"

சபியாவின் குரல் உயர்ந்தது. "ஏட்டய்யா! காட்டுங்க!"

சேதுராமன் கையை நீட்டினார். மணிக்கட்டில் செம்பு நிறத்தில் ஒரு வளையல். இரண்டு முனையிலும் கறுப்பு உருண்டை.

"காந்த வளையல் மேடம். சுகர் குறையும்னு மச்சினன் வித்தான். எட்டு மாசமாப் போட்டிருக்கேன்."

"குறைஞ்சுதா?"

"மச்சினன் வீட்டுக்குப் போறது குறைஞ்சுருச்சு."

"கழட்டிட்டு வெளிய போயி நில்லுங்க!"

கழற்றினார். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் போய் நின்றார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

கறை அசையவில்லை!

"நான் இல்ல! நான் இல்ல!" என்று வேப்ப மரத்தடியில் ஏட்டு கூத்தாடினார்.

மணி மூன்று அடித்தது. டி.எஸ்.பி.க்கு இன்னும் ஒரு மணி நேரம்.

பூமயில் மானிட்டரின் கீழே இருந்த பொத்தான்களில் எதையோ அழுத்தினாள்.

டொம்ம்ம்!

திரை அதிர்ந்தது. டி.எஸ்.பி. நாலைந்து தடவை ஆடினார். மருதுபாண்டி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்.

"வெடிச்சுருச்சா?"

"காந்தத்தை எடுக்கிற பட்டன் அண்ணே. பயப்படாதீங்க."

ஊதா கொஞ்சம் வெளுத்து ஓரத்தில் பச்சையாகியது. ஆனால் போகவில்லை. அறை விழுந்த கன்னம் இப்போது அழுகிய கன்னம்!

"இன்னும் மோசமாப் போச்சேம்மா!" என்றார் சபியா.

"போகட்டும் மேடம். இதுலருந்து ஒண்ணு தெரியுது. காந்தம் இன்னும் இங்கனதான் இருக்கு. இதைத் தூக்குங்க. அந்த ஜன்னல் மேசைக்குக் கொண்டு போவோம்."

சேதுராமன் வளையலை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்தார். நானூறு பக்கக் கேஸ் கட்டை ஒரு கையில் தூக்குகிறவர், அந்த மானிட்டரைத் தூக்கும்போது முனகினார். பத்தடி தள்ளி வைத்தார்கள். ஒயரை மாட்டினார்கள்.

டொம்ம்ம்!

டி.எஸ்.பி. ஆடி நின்றார்.

கன்னம் பளிங்கு!

"போயிருச்சு!" என்று சபியா கைதட்டினார். "அம்புட்டுத்தானா? அப்ப இங்கனயே இருக்கட்டும். நீ போம்மா, ரொம்ப நன்றி!"

பூமயில் போகவில்லை.

பழைய மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பின்னால், ஒரு சாண் இடைவெளியில், பழைய மர அலமாரி. அதில் கேஸ் கட்டுகள். உடைந்த சைக்கிள் விளக்கு. பிடிபட்ட சாராயக் கேன்கள். சாக்கு மூட்டைகள். பத்து வருஷமாக யாரும் தொடாத தூசி.

"மருது அண்ணே... ஒண்ணு கேக்கவா?"

"கேளு தாயி."

"யூனிட்டுக்குள்ள என்ன இருக்கும்?"

"கம்பிச்சுருள் இருக்கும்... தகடு இருக்கும்... பின்னாடி பெரிய காந்தம் இருக்கும். அந்தக் காந்தந்தானே வெயிட்டே! ஸ்குரூ ட்ரைவர் பக்கத்துல போனா இழுத்து..."

மருதுபாண்டியின் வாய் திறந்தபடி நின்றது.

லாக்கப்புக்குள்ளிருந்து ஓர் இருமல்.

"பூமயிலு! பத்து நிமிஷம் ஆயிப்போச்சு. வீட்டுக்குப் போ! உங்கம்மா தேடும்!"

"சும்மா இரு மச்சான்!"

அவள் தாவணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். நூல் ஒன்றை உருவி அதில் கட்டினாள். நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு அலமாரியை நோக்கி ஒவ்வோர் அடியாக நடந்தாள்.

ஊக்கு நேராகத் தொங்கியது.

இன்னும் ஓர் அடி.

நேராகத்தான்.

மேசையைத் தாண்டி, கையை அலமாரியின் நடுத்தட்டுக்கு நேரே நீட்டினாள்...

ஊக்கு ஆடியது!

சாய்ந்தது!

நூலை இழுத்துக்கொண்டு போய் ஓர் உரச் சாக்கின் மேல் 'டப்' என்று ஒட்டிக்கொண்டது!

எல்லோரும் அலமாரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சபியா சாக்கை இழுத்தார். கனத்தது. வாய்க்கட்டை அவிழ்த்தார்.

உள்ளே நாலு யூனிட்டுகள். ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, குட்டி போட்ட நாய்க் குடும்பம் போலப் படுத்திருந்தன!

"எம்புள்ளைக!" என்று மருதுபாண்டி விழுந்து கட்டிக்கொண்டார்.

அடுத்த நொடி நிமிர்ந்தார். முகம் மாறியது.

"அடப்பாவிகளா... போலீஸ் ஸ்டேஷன்லயா? வேலியே... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல மேடம். ஆனா ஊரு சொல்லும்! நாளைக்கு நானே குழாய் கட்டிச் சொல்லுவேன்!"

"ஏட்டய்யா!"

சபியா அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில் சேதுராமனின் தொப்பி தானாகவே கையில் வந்துவிட்டது.

"எம்புள்ளைக மேல சத்தியம் மேடம்! எனக்குத் தெரியாது! அந்த அலமாரிப் பக்கம் போயி ஆறு மாசமாச்சு. தும்மல் வரும் மேடம்!"

"அப்ப இது எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

பூமயில் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மேடம், நான் பேசலாமா? எங்க மச்சான் காலையில எட்டேகால்லருந்து இந்தக் கம்பிக்குள்ள இருக்காரு. சாமான் உங்க அலமாரியில இருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறீங்க. அங்க நான் வந்து, இந்த ஊக்கைக் காட்டி, எங்கன ஒட்டுச்சுன்னு சொல்லவா?"

சபியா கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று இருபத்தைந்து!

முப்பத்தைந்து நிமிஷத்தில் டி.எஸ்.பி.!

போலீஸ் வேலையில் வேகமாக முடிவு எடுக்கிற நேரம் ஒன்று உண்டு. மேலதிகாரி வருகிற நேரம்.

"மருதுபாண்டி! சாமான் கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு மேடம். ஆனா கிடைச்ச இடம்..."

"இடத்தை விடுங்க. 'வீட்டிலேயே இருந்தது, தவறாகப் புகார் செய்துவிட்டேன்'னு எழுதிக் குடுங்க."

"அதெப்படி மேடம்? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. நியாயப்படி எழுதணும்னா இந்த நாலும் தொண்டிப்பொருள். கேஸ் முடியுற வரைக்கும் கோர்ட்டுல இருக்கும். போன வாரம் ஒரு சைக்கிள் கேஸ் முடிஞ்சுது. சைக்கிளுக்குப் பதிமூணு வயசு."

"பேனா குடுங்க மேடம்!"

லாக்கப் திறந்தது. குருநாதன் வெளியே வந்தான். பூமயில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன் என்றும் பார்க்கவில்லை.

"நான் சொல்லல மச்சான்?"

"ம்..." என்றான் குருநாதன். அவன் முகத்தில் ஏனோ விளக்கு எரியவில்லை.

* * *

டி.எஸ்.பி. சரியாக நாலு பத்துக்கு வந்தார்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். தன் முகத்தைத் தானே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க. இதுல வேற என்னல்லாம் தெரியும்?"

"வேற ஒண்ணும் தெரியாதுங்கய்யா!" என்றார் சேதுராமன் விறைப்பாக.

"குட்!"

டீ குடித்தார். போய்விட்டார்.

ஜீப் மறைந்ததும் சபியா மூச்சை விட்டார். நாற்காலியில் சாய்ந்தார். அப்போதுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"ஏட்டய்யா..."

"சத்தியமா நான் இல்ல மேடம்!"

"தெரியும். நீங்க எடுத்திருந்தா இங்கயா கொண்டு வந்து வைப்பீங்க? வீட்டுக்குல்ல போயிருக்கும்!"

சேதுராமனுக்கு நிம்மதி. அவமானமும் கூட. எதற்கு முதலில் முகம் காட்டுவது என்று தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் யாரு யாரு உள்ள வந்தாங்க?"

"நேத்து அஞ்சு மணியிலருந்து கரண்ட் இல்ல மேடம். ஒரு ஈ காக்கா வரல. மைக் பெர்மிஷன் கேட்டு ஒரே ஒரு ஆளு, சாக்கும் கையுமா... எழுதி வைக்கச் சொல்லிட்டு நான் டீ குடிக்கப்..."

ஏட்டு நிறுத்திவிட்டார்.

குழாய் கட்டுகிறவன் எவனாக இருந்தாலும் முதல் நாள் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக்கொடுத்துப் பெர்மிஷன் வாங்கவேண்டும். கல்யாணமோ கருமாதியோ, அது சட்டம். எழுதிக்கொடுத்த தாள் அங்கேயே ஆணியில் குத்திக் கிடந்தது.

சபியா அதை உருவினார். படித்தார்.

எழுந்து வாசலுக்கு ஓடினார்!

டி.எஸ்.பி. போகும் வரை கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்துவிட்டு, வெளியே குருநாதனும் பூமயிலும் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"குருநாதா! ஒரு நிமிஷம்!"

அவன் நின்றான். திரும்பவில்லை.

"நேத்து அஞ்சரை மணிக்கு உன் கல்யாணத்துக்கு மைக் பெர்மிஷன் கேட்டு வந்தியே... ஏட்டு டீ குடிக்கப் போயிருந்தாரே... அப்ப உன் கையில இருந்த சாக்கு எங்க?"

பூமயில் கலகலவென்று சிரித்தாள்.

"என்ன மேடம் நீங்க! எங்க மச்சானைப் போயி..."

மச்சானின் முகத்தைப் பார்த்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"மச்சான்...?"

குருநாதன் ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான்.

"திருடல பூமயிலு. விக்கவும் நெனைக்கல. ரெண்டு நாளைக்கு ஒளிச்சு வச்சேன். அம்புட்டுத்தான்!"

"எதுக்கு?"

"பதினஞ்சு வருஷமா அந்தக் குழாய்க்கு அடியில உக்காந்திருக்கேன். தூங்குனாலும் காதுக்குள்ள 'ஹலோ மைக் டெஸ்டிங்'னு கேக்குது! என் கல்யாணத்து அன்னைக்காவது ஒருநாள்... ஒரே ஒருநாள்... சத்தமில்லாம இருக்கணும்னு ஆசைப்பட்டேன். முதலாளி மூணு நாளைக்கு ஓசியில கட்டுறேன்னு நிக்கிறாரு. அவரு சோத்தைத் தின்னுட்டு வேணாம்னு எப்படிச் சொல்ல?"

"அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன்லயாய்யா கொண்டு வந்து வப்ப?" என்றார் சபியா.

"முதலாளி தேடாத இடம் ஊர்ல இது ஒண்ணுதான் மேடம். பொறவு, இங்க எதையும் யாரும் தொட மாட்டாங்கன்னு தெரியும்."

சேதுராமன் வானத்தைப் பார்த்தார்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேய்யா! கோர்ட்டு வரைக்கும் போயிருப்பியே!"

"சொன்னா திருடன்னு ஆயிரும். சொல்லாட்டி சந்தேகம் மட்டுந்தானேன்னு இருந்தேன். அதோட..." அவன் தலையைச் சொறிந்தான். "லாக்கப்பு நல்லா அமைதியா இருந்துச்சு மேடம்."

சபியா கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார். பிடித்து உள்ளே போடலாம். போட்டால் சாமான் எங்கே கிடைத்தது என்று எழுதவேண்டும். எழுதினால் டி.எஸ்.பி. படிப்பார்.

"போய்த் தொலைங்க ரெண்டு பேரும்!" என்றார். உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

அப்போது ரோட்டில் மருது சவுண்ட் சர்வீஸ் வேன் வந்து கிறீச்சிட்டு நின்றது. மருதுபாண்டி தலையை நீட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏலே குரு! உன்னைப் போயி சந்தேகப்பட்டுட்டேனேலே! இந்தப் பாவத்தை எங்கன போயித் தொலைப்பேன்? மூணு நாள் பத்தாது. அஞ்சு நாள்! நாலு குழாய் பத்தாது. எட்டு! முதுகுளத்தூர்லருந்து எந்தம்பி செட்டையும் சேத்து வரச் சொல்லியாச்சு. பொண்ணு வீட்டு வாசல்ல ரெண்டு, மணவறைக்கு மேல ரெண்டு!"

வேன் பறந்தது.

குருநாதன் இரண்டு கையையும் சேர்த்து சபியாவிடம் நீட்டினான்.

"மேடம்... தயவு பண்ணுங்க... என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருங்க!"

பூமயில் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்கார வைத்தாள்.

"எட்டு என்ன மச்சான், பதினாறு குழாய் கூட கட்டட்டும்! நீ செஞ்ச இந்த வேலைக்கு நாளைக்கு நான் பேசப்போற பேச்சு உங்காதுல விழாம இருக்கணும்னா, அது ஒண்ணுதான் உனக்கு வழி!"